எம் மாணவரின் முகிற் பணி

கல்லூரிகளின் விழா மலர்களைப் புரட்டுவோர், பழைய மாணவர் பலரின் பெயர்களையும் அவர் வகிக்கும் பதவிகளையும் ஆங்காங்கே காண்பர். வைத்தியர் இத்துணையர், நியாயவாதிகள் இத்துணையர், எந்திரிகளும் கணக்காளரும் ஆசிரியரும் இத்துணையர் என வரிசைப்படுத்தி எழுதுதல் நெடுங்கால வழக்கு. அப்பதவிகள் எத்தொழிலைக் குறிப்பன என எவருக்கும் விளக்கவேண்டுவதில்லை. வைத்தியர் நோய் தீர்ப்பார், நியாயவாதி வழக்குரைப்பார், எந்திரி பாலம் அமைப்பார். ஆயின், அண்மைக் காலத்தில் எமது கல்லூரியிலிருந்து வெளியேறிய மாணவர் சிலர் மேற்கொண்டுள்ள தொழில்களோ, பெயரைக் கேட்ட மாத்திரத்தே ஊரவர்க்கு விளங்குவன அல்ல. அத்தகைய தொழிலொன்றைப் பற்றியே இப் பவள விழா மலரில் எழுதக் கருதினோம்.

அத்தொழிலைச் செய்யும் மாணவரின் பெயரை, அவர் வேண்டுகோளுக்கிணங்க, ஈண்டு எழுதாது விடுகின்றோம். யாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் எம்மிடம் தமிழ் பயின்றவர் அவர்; பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கணினித் துறையிற் பட்டம் பெற்று, சில ஆண்டு கொழும்பிற் பணியாற்றி, இப்போது இலண்டன் மாநகரிலுள்ள பெரியதொரு காப்புறுதி நிறுவனத்திற் கடமை பார்க்கின்றார். அவர் பதவி ‘கிளவுட் எஞ்சினியர்’ என்பது. தமிழிற் கூறின் முகிற் பொறியியலாளர் எனலாம். இதனை அயலவர்க்கு விளக்க அவர்தம் தாயார் படும் பாட்டை யாமே கண்டோம். “முகிலிலே என்ன வேலை? பிளேன் ஓட்டுகிறாரோ?” என்று கோயில் வீதியில் ஒருவர் வினவ, “இல்லை, கம்பியூட்டர் வேலைதான், மற்றவர்களுக்கு உதவி செய்கிற வேலையாம்” என்றார் அவ்வம்மையார். அவ்விடையிலும் செப்பமான விளக்கத்தை யாம் பின்னரும் கேட்டிலேம்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழாவை முன்னிட்டு அவர் ஊருக்கு வந்திருந்தார். விடுமுறை இரண்டு வாரம். அதன்மேல் இரண்டு வாரம், நிறுவனத்தின் அனுமதியோடு, வீட்டிலிருந்தே வேலை. அக்காலத்தில் இலண்டனிற் காலை 9 மணியாகும்போது யாழ்ப்பாணத்திற் பிற்பகல் 1.30 மணி. மத்தியான உணவின்பின் யாம் அவர் வீட்டு விறாந்தைக்குச் சென்று, அவர் மேசைக்கு அப்பால் ஒரு சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருப்போம். அவர் கணினியின் திரை சுவரை நோக்கியிருக்கும். நிறுவன விடயங்களைப் பிறர் காணலாகாது என்னும் ஒழுங்கை அவர் எம்பொருட்டுந் தளர்த்தவில்லை. மறுபுறத்தார் பேசுவது அவர் காதில் அணிந்த கருவிக்கு மட்டுமே கேட்கும். ஆகவே உரையாடலின் பாதியே எமக்குக் கிடைத்தது. அப்பாதியும் பெரும்பாலும் வினாக்களாகவே இருந்தது எம் கருத்தைக் கவர்ந்தது. இடைவேளைகளில் தேநீர் அருந்தியவாறு தம் தொழிலைத் தமிழில் விளக்குவார். அவர் விளக்கியவற்றுள் எமக்கு விளங்கியவற்றை மட்டும் கீழே தருகின்றோம்.

முகில் என்பது வானத்தில் உள்ளதன்று, நிலத்தின்மீதே உள்ளது. நெற்களஞ்சியங்களைப் போன்ற பெருங் கட்டடங்களில் ஆயிரமாயிரம் கணினிகளை அடுக்கடுக்காக நிறுவி, அவற்றுக்கு இடையறா மின்சாரமும், மின் தடைப்படின் இயங்கும் மின்பிறப்பாக்கிகளும், வெப்பந் தணிக்குங் குளிரூட்டிகளும் அமைத்து, அக்கணினிகளின் ஆற்றலை வேண்டுவோர்க்கு வேண்டிய அளவு வாடகைக்கு விடுதலே முகிற் கணிமை எனப்படுவது. வலையமைப்பின் படத்தை வரையும் பொறியியலாளர், தம் பொறுப்புக்குப் புறத்தேயுள்ள பகுதியை ஒரு முகிலின் உருவாக வரைந்துவிடுவது பழைய வழக்கம். அப்படத்திலிருந்தே இப்பெயர் பிறந்தது.

இவ்வெண்ணம் புதியதன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, யோன் மக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசிச் சேவையைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்று உரைத்தார். விழாக்கள் பழமை பேசுதற்கு மட்டும் உரியன அல்ல என்பதற்கு இஃதொரு சான்று. அவர் கூறியது கைகூட நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசன் நிறுவனம் கோப்புகளைச் சேமித்துவைக்கும் சேவையையும், ஓகஸ்ட் மாதத்திற் கணினிகளையே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவையையுந் தொடங்கியது. மணித்தியாலத்துக்குக் கூலி பத்து அமெரிக்கச் சதம். அதே ஓகஸ்ட் மாதத்திலேதான் எமது குடாநாட்டை ஏனைய பகுதிகளோடு இணைத்த ஏ-9 வீதி மூடப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் கொப்பித் தாளுக்கும் வரிசையில் நின்ற பிள்ளைகளுள் ஒருவராக இம் மாணவரும் அப்போது இருந்தார். உலகின் மறுபுறத்தில் அம்மாதம் திறக்கப்பட்டதொரு வாயிலினூடே தம் வாழ்வு செல்லும் என்பதை அவரும் அறியார். அவருக்கு இலக்கணம் கற்பித்த யாமும் அறியோம்.

2011ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நியமங்கள் தொழினுட்ப நிறுவகம் முகிற் கணிமைக்கு வரைவிலக்கணம் வகுத்து, அதற்கு ஐந்து இயல்புகளைக் கூறியது. வேண்டுவோர் பிறர் உதவியின்றித் தாமே பெறுதல், வலையமைப்பின் வழி எங்கிருந்தும் அணுகுதல், வளங்களைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தல், தேவைக்கேற்ப விரைவில் விரிதலுஞ் சுருங்குதலும், பயன்படுத்திய அளவை அளந்து கணக்கிடுதல் என்பன அவை. இவ்வைந்தனுள் முதலாவதே எம் மாணவரின் தொழிலுக்கு அடிப்படை.

எங்ஙனமெனிற் கூறுவோம். அவர் பணிபுரியும் நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது குழுக்கள் உள. காப்புறுதிப் பத்திரம் வழங்கும் நிரலை ஒரு குழு எழுதும்; இழப்பீட்டுக் கோரிக்கையை ஆராயும் நிரலை வேறொரு குழு எழுதும்; கட்டணம் அறவிடுவதற்கு ஒரு குழு, வாடிக்கையாளர்க்குக் கடிதம் அனுப்புவதற்கு ஒரு குழு. முற்காலத்தில் இக்குழுக்களுள் ஒன்றுக்குப் புதிய கணினி வேண்டுமாயின், படிவம் நிரப்பி, ஒப்புதல் பெற்று, அது வாங்கப்பட்டு நிறுவப்படும்வரை வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். முகில் வந்தபின் சில நிமிடங்களிற் பெறலாயிற்று. ஆயின் எல்லார் கையிலுந் திறப்பைக் கொடுத்தால் என்ன நிகழுமோ அதுவும் உடன் நிகழ்ந்தது. ஒருவர் பூட்ட மறந்தார். ஒருவர் விளக்கை அணைக்க மறந்தார். நாற்பது குழுக்களும் ஒரே காரியத்தை நாற்பது விதமாகச் செய்தன. இந்நிலையில், நடுவே நின்று எல்லாக் குழுக்களுக்கும் உதவுமாறு அமைக்கப்பட்ட சிறு குழுவில் எம் மாணவர் ஓர் உறுப்பினர். காப்புறுதி வாங்குவோர் எவரும் இவர்களை அறியார். இவர்களுடைய வாடிக்கையாளர் அந்நாற்பது குழுக்களே.

அவர்கள் செய்யும் பணிகளுள் முதன்மையானது பாதை அமைத்தல். பாதுகாப்பான முறையில் ஒரு நிரலை முகிலில் ஏற்றுதற்கு வேண்டிய ஒழுங்குகள் யாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைப்பர். முன்னர் ஒருவர் கையாற் செய்த ஏற்பாடுகள் இப்போது எழுத்தில் உள. அவ்வெழுத்தைக் கணினியே வாசித்து, எழுதியவாறே அமைத்துக் கொடுக்கும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது நடைமுறைக்கு வரும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்னும் வரலாறும் அதனோடு சேர்ந்தே இருக்கும். பிரதியொன்றைப் பலமுறை ஒப்புநோக்கிப் பதிப்பித்த எம் முன்னோரின் முறைக்கு இஃது எத்துணை நெருங்கியது என வியந்தோம்.

அவர்கள் கையாளுங் கருவிகளுள் ஒன்றன் பெயர் தமிழாசிரியனாகிய எம் உள்ளத்துக்கு உவப்பளித்தது. குபெர்னெற்றிஸ் என்பது அதன் பெயர். கூகிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. நிரல் ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய பொருள்களோடு ஒரு கொள்கலனில் அடைத்து வைப்பர். எக்கொள்கலன் எக்கணினியில் ஓடவேண்டும், கூட்டம் மிகின் எத்தனை கொள்கலன் வேண்டும், ஒன்று நின்றுவிடின் அதனிடத்தில் வேறொன்றை எங்ஙனம் எழுப்புவது என்பவற்றை இக்கருவி கவனித்துக்கொள்ளும். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்பது பொருள். “தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டா, சேர்?” என்று கேட்டார். “மீகாமன் என்போம், தம்பி” என்றோம். அன்று மாலை தம் குழுவினர்க்கு அச்சொல்லை எழுதி அனுப்பினார் என அறிந்தோம்.

இனி, யாம் கேட்டிருந்த உரையாடல்கள் சிலவற்றைக் கூறுவோம். ஒருநாள் இழப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், தாம் எழுதிய நிரல் தரவுத்தளத்தோடு இணையவில்லை என முறையிட்டார். “எந்தப் பதிவைப் பார்த்தீர்கள்? அதன் இறுதி வரி என்ன சொல்கின்றது? கோரிக்கை வாயில்வரை சென்றதா, வாயிலில் நின்றதா?” என இவர் ஒன்றன்பின் ஒன்றாக வினவிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடம் சென்றபின், தரவுத்தளத்தின் காவல் விதியில் அந்நிரலுக்கு அனுமதி எழுதப்படாமையே காரணம் என்பதை அப்பெண் தாமே கண்டுபிடித்தார். பின்னர், அவர் கண்டதை நான்கு வரியில் எல்லாரும் படிக்கும் பொது வழிகாட்டியில் எழுதுமாறு இவர் கேட்டுக்கொண்டார்.

உரையாடல் முடிந்தபின், “காரணம் உமக்கு எப்போது தெரிந்தது?” என்றோம்.

“ஐந்தாம் நிமிடத்தில், சேர்.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் இன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் மிச்சம். ஆனால் நாளைக்கும் அவர் என்னிடம் வருவார். நாற்பது குழுவும் நாள்தோறும் வந்தால், உதவி செய்வதற்காக வைத்த நாங்களே எல்லாரையும் மறிக்கிற படலை ஆகிவிடுவோம்.”

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்றபோது, பாடக்குறிப்பின் ஓரத்தில் எம் விரிவுரையாளர் எழுதிய குறிப்பொன்று அக்கணம் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் செய்வது யாது, மாணவர் செய்வது யாது என இரண்டு நிரல் வரைந்து, இரண்டாவது நிரல் நீளாத பாடம் பாடமன்று என அவர் குறித்திருந்தார். உதவி பெற்றவர் அடுத்தமுறை அவ்வுதவியை வேண்டாதவாறு செய்தலே உதவியின் நிறைவு. கணினிக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் இது பொது.

எனினும், எல்லாப் பொழுதும் வினவிக்கொண்டிருத்தல் பொருந்தாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். வாடிக்கையாளர்க்கு இடையூறு நேர்ந்துகொண்டிருக்கும்போது, முதலில் தீயை அணைத்துவிட்டுப் பின்னரே பாடம் நடத்துவாராம். எப்போது கைகொடுப்பது, எப்போது கையை மடக்கிக்கொள்வது என்னும் தேர்ச்சியே இத்தொழிலின் கடினமான பகுதி என்றார்.

மற்றொரு நாள், வேறொரு குழுவின் தலைவர் தம் குழுவினர்க்கு முழு அதிகாரமும் வழங்குமாறு கேட்டார். வெள்ளிக்கிழமை ஒரு வேலை முடிதல் வேண்டும். அதிகாரம் இன்மையால் தடைப்படுகின்றது என்பது அவர் வாதம். இவர் மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. “முடிக்கவேண்டிய வேலை எது?” என்று வினவினார். விசாரிக்குமிடத்து, களஞ்சியமொன்றிலுள்ள கோப்புகளை வாசித்தலே அவர்க்கு வேண்டியதாயிருந்தது. அதற்கு மட்டும், வெள்ளிக்கிழமை மாலைவரை மட்டும் செல்லுமாறு அனுமதி எழுதப்பட்டது. குறைந்த அளவு அதிகாரம் என்பது இத்துறையின் பழைய விதிகளுள் ஒன்று. ஆய்வுகூடத் திறப்பு வேண்டி வந்தவர்க்கு அலுவலகப் பணப்பெட்டியின் திறப்பையுஞ் சேர்த்துக் கொடுப்பார் உளரோ? கொடாதது ஐயத்தால் அன்று. அவரையும் காக்கும் பொருட்டே. திறப்பு இல்லாதவர் மேற் பழியும் இல்லை.

செலவைப் பற்றியும் ஒன்று கூறுவோம். முகிலில் உள்ள கணினி, எவரும் பயன்படுத்தாவிடினும், ஓடிக்கொண்டிருக்கும்வரை கூலி கேட்கும். வாரத்துக்கு 168 மணித்தியாலம். பரீட்சார்த்தமாக நிரல்களை ஓட்டிப்பார்க்கும் கணினிகள் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமாக ஐந்து நாள்களே வேண்டப்படுவன. அஃதாவது 50 மணித்தியாலம். எஞ்சிய 118 மணித்தியாலத்துக்கும் அவை வீணே ஓடின், கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு பாழாகும். ஆகவே மாலையில் தாமே நின்று காலையில் தாமே எழுமாறு அவற்றை ஒழுங்குசெய்வதும் இவர் பணி. இத்தகைய கணக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் எளிது. ஆயின் கணக்கிடவேண்டும் என்று நினைப்பதற்கே ஒருவர் வேண்டியிருக்கின்றார்.

எத்துணை விழிப்பாயிருப்பினும் பிழைகள் நேர்வன. அவை நேருமிடத்து இத்துறையினர் கைக்கொள்ளும் முறையே எம்மை மிகவுஞ் சிந்திக்கச் செய்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, அமேசன் நிறுவனத்தின் வட வேர்ஜீனியா நிலையங்களிற் பணியாளர் ஒருவர், சில கணினிகளை விலக்குதற்காக இட்ட கட்டளையில் ஒரு விவரத்தைப் பிழையாகத் தட்டச்சிட்டார். வேண்டியதினும் மிகப் பல கணினிகள் விலகின; எண்ணிறந்த இணையத்தளங்கள் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் முடங்கின. அந்நிறுவனம் பின்னர் நடந்ததை வெளியிட்டபோது அப்பணியாளரின் பெயரைக் கூறவில்லை. ஒரு கட்டளையால் அத்துணைக் கணினிகளையும் ஒருங்கே விலக்குதற்கு இடங்கொடுத்த கருவியையே குற்றங்கண்டு, அது மெல்லவே விலக்குமாறும், ஓர் எல்லைக்குக் கீழே செல்லாதவாறும் திருத்தியமைத்தது.

எம் மாணவரின் குழுவும் இம்முறையையே பின்பற்றுகின்றது. இடையூறு தீர்ந்தபின் யாவரும் கூடி, நடந்ததை நிமிடவாரியாக எழுதுவர். யார் செய்தார் என்பது அவ்வேட்டில் இடம்பெறாது. செய்வதற்கு இடங்கொடுத்தது எது என்பதே எழுதப்படும். “பெயரைக் கேட்டால் எல்லாரும் மறைப்பார்கள், சேர். மறைத்தால் அடுத்த முறையும் அதே பள்ளத்தில் இன்னொருவர் விழுவார்” என்றார். கிழிந்த கொப்பியை மறைக்கும் பிள்ளைகளை நாள்தோறுங் காணும் ஆசிரியர் எவர்க்கும் இக்கூற்றின் உண்மை விளங்கும்.

இனி, படிகள் எடுத்துவைத்தல் என்னும் பணி. இதனைப் பற்றி அவர் பேசும்போது குரலில் ஓர் அழுத்தம் இருந்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி கிற்லாப் என்னும் நிறுவனத்திற் பொறியியலாளர் ஒருவர் தவறான கணினியில் அழித்தற் கட்டளையை இட்டார். படியெடுக்கும் வழிகள் பல அங்கு இருந்தும், வேண்டியபோது அவற்றுள் எதுவும் நம்பத்தக்கதாய் இல்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படியே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட தரவுகள் மீளவில்லை. எமது நாட்டிலும், 2023ஆம் ஆண்டில் அரசாங்க முகில் மீது நிகழ்ந்த தாக்குதலால், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பல இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்கு வேறு படி இருக்கவில்லை. ஆதலால் எம் மாணவரின் குழுவினர் படி எடுப்பதோடு அமையார். குறித்த காலந்தோறும், மூலம் அழிந்துவிட்டதாகப் பாவித்து, படியிலிருந்தே யாவற்றையும் மீளக் கட்டிப்பார்ப்பர். மீட்டுப் பாராத படி படியன்று என்பது அவர்கள் கொள்கை.

இதனை வேறெவரினும் யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து ஒடியுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்டமையாலேயே பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. பெயர்த்தெழுதுவாரின்றி ஒழிந்தன பல. எஞ்சியவற்றைத் தேடித்தொகுத்து அச்சேற்றும் பணியிற் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் முன்னின்றார்கள். அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தமை யாவரும் அறிந்ததே. பின்னர் 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகந் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்பர். அவற்றுள் அச்சிட்ட நூல்கள் சில பிறவிடங்களிற் கிடைத்தன. வேறு படியில்லாத சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளா. 2005ஆம் ஆண்டிலிருந்து நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து யாவர்க்கும் வழங்கிவருதல் அவ்விழப்பைக் கண்ட சமூகத்தின் விடையென்றே கொள்ளத்தகும். “இலண்டனில் ‘ஏன் இதற்கு இத்தனை கவலை?’ என்று கேட்பார்கள், சேர். நான் எங்கே பிறந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது” என்றார் எம் மாணவர்.

இத்தொழிலின் மற்றொரு முகத்தையுங் கூறாது விடின் இக்கட்டுரை நிறைவுறாது. செவ்வனே நடைபெறும்போது எவர் கண்ணுக்கும் புலப்படாத வேலை இது. பாதை நன்றாயிருப்பின் வண்டி ஓட்டுபவரையே உலகம் பாராட்டும். 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் மேலிடத்தார் செலவைக் குறைக்க முற்பட்டபோது, “இந்தக் குழுவினர் என்னதான் செய்கின்றனர்?” என்னும் வினா எழுந்தது. ஏனைய குழுக்கள் தாம் ஆக்கியவற்றைக் காட்டின. இவர்களிடத்தில் காட்டுதற்கு யாதுமில்லை. நிகழாத இடையூறுகளே இவர்தம் விளைபொருள். பதினொருவராயிருந்த குழு எண்மராயிற்று. நீக்கப்பட்ட மூவருள் ஒருவர், இவருக்கு அத்தொழிலைக் கற்பித்தவர். அவர் விடைபெற்றுச் சென்ற மறுநாள், அவர் எழுதிவைத்த வழிகாட்டியைப் பார்த்தே நாற்பது குழுக்களும் வழமைபோல் வேலைசெய்தனவாம். “அவர் நன்றாகச் செய்தபடியால்தான் அவர் இல்லாதது எவருக்கும் தெரியவில்லை” என்று கூறியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

அப்போது இவருக்கும் வேறொரு குழுவில் இடமிருந்தது. அங்கே ஆக்கும் பொருளில் ஆக்கியோன் பெயர் விளங்கும். சம்பளமும் சற்று மிகுதி. “நான் என்ன செய்யவேண்டும், சேர்?” என எம்மை வினவினார். இருபது ஆண்டுக்கு மேலாகப் பிறர் பிள்ளைகளின் பெறுபேறுகளை அறிவித்தற் பலகையிற் கண்டுவரும் எமக்கு இவ்வினா புதியதன்று. அப்பலகையில் மாணவர் பெயர் இருக்கும், ஆசிரியர் பெயர் இராது, இருத்தலும் வேண்டா. ஆனால் அதனை மட்டுஞ் சொல்லி ஓர் இளைஞரை அமைதிப்படுத்துதல் நேர்மையாகாது. தொண்டு மறைவாயிருத்தல் வேறு. கணக்குக் காட்டாதிருத்தல் வேறு. யாம் பாடப் பதிவேடு எழுதுகின்றோம். அதிபர் பார்வையிட்டு ஒப்பமிடுகின்றார். ஊதியம் கொடுப்போர்க்கு வேலையை விளங்கவைத்தல் தற்புகழ்ச்சியாகாது. இதனையே அவருக்குக் கூறினோம்.

அவரும் முன்னரே அவ்வழியிற் சிந்தித்திருந்தார். மாதந்தோறும் ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதத் தொடங்கியுள்ளதாகக் கூறினார். புதிய நிரலொன்றை ஏற்றுதற்குக் குழுக்கள் எத்தனை நாள் காத்திருந்தன, ஒரே வினா எத்தனை முறை வந்தது, வீணாகாது காக்கப்பட்ட செலவு எவ்வளவு, எப்படியிலிருந்து எதனை மீட்டுப் பார்த்தனர் என்பன அதில் உள. அடைமொழி ஒன்றும் இல்லை. மேலிடத்தார் அதனைப் படிக்கின்றனரோ என வினவினோம். “ஒரு பக்கம் என்றபடியால் படிக்கிறார்கள், சேர்” என்றார். அக்குழுவை விட்டு அவர் இன்றளவும் நீங்கவில்லை. நாளையும் இருப்பாரோ என்பது அவர் கையிலும் நிறுவனத்தின் கையிலும் உள்ளது. ஆனால் இனி எவரேனும் அக்குழு என்ன செய்கின்றது என்று கேட்பின், விடை எழுத்தில் இருக்கும்.

இத்துறையிற் புக விரும்பும் எமது மாணவர்களுக்கு அவர் சொல்லியனுப்பியவை சில. கணினி வலையமைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதையும், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும், ஒரு நிரலாக்க மொழியையும் அடிப்படையிலிருந்து கற்றல் வேண்டும். நிறுவனங்கள் நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சைகள் வாயிலைத் திறக்கலாம். உள்ளே நடத்துவது கற்ற அறிவே. ஆங்கிலம் இன்றியமையாதது. இவற்றோடு, தெளிவாக எழுதப் பழகல் வேண்டும். தம் வேலைநாளில் ஏறத்தாழ அரைப்பங்கு, பிறர்க்கு விளங்குமாறு எழுதுவதிலேயே கழிகின்றது என்றார். சுருக்கம் எழுதும் பயிற்சியைப் பரீட்சைக்கு மட்டும் உரியதென எண்ணும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. நூறு சொற்களை முப்பத்துமூன்றாக்கியும் பொருள் குன்றாது நிறுத்தக் கற்றவர்க்கு எம்மொழியிலும் அது கைகொடுக்கும்.

பழைய மாணவர் சங்கத்தினர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எமது கல்லூரியின் பழைய அனுமதிப் பதிவேடுகளும், முற்கால மலர்களும், விளையாட்டுப் போட்டிப் படங்களும் அலுவலக அலுமாரியில் ஒரே படியாக உள. கறையானுக்கும் கூரை ஒழுக்குக்கும் தீக்கும் அவை ஒருங்கே எளியன. மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது படிகாப்போர் கைக்கொள்ளும் எளிய விதி. இதனை நிறைவேற்றித் தருமாறு எம் மாணவரைக் கேட்டோம். தாம் செய்து தருவதில்லை என்று மறுத்துவிட்டார். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடற் தொழினுட்பவியல் கற்கும் மாணவர் நால்வரைத் தெரிந்து தந்தால், சனிக்கிழமைதோறும் இலண்டனிலிருந்து அவர்களோடு பேசி, அவர்களைக்கொண்டே செய்விப்பதாகக் கூறியுள்ளார். அதிபர் அவர்களின் ஒப்புதலும் கிடைத்துள்ளது. படம் பிடிக்கும் கருவி ஒன்றும் சேமிப்புத் தட்டுகள் இரண்டும் மட்டுமே வேண்டற்பாலன. சங்கத்தார் அவற்றை உதவுவார்களாயின் இப் பவள விழா ஆண்டு முடியுமுன்னரே பணி தொடங்கும். அந்நால்வரும் தாம் கற்றதை அடுத்த ஆண்டு நால்வர்க்குக் கற்பிப்பர் என்பது ஏற்பாடு.

கல்லூரி அன்னை தன் மைந்தரை எத்திசையில் அனுப்பினும், அவர் ஆண்டாண்டு பிறர்க்குப் பாதை அமைப்பாராக. அன்னை நீடு வாழ்க.